கோலாலம்பூர், பினாங்கு வெயிலில் ஐரிஸ்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

ஐரிஸ் செடிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தோன்றியதும் மருந்துப் புட்டியைத் தேடவேண்டாம். முதலில் செடியின் அடியில் மண்ணைச் சற்று விலக்கி, கிழங்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் கோளாறு வெளிச்சத்திலோ உரத்திலோ இலையிலோதான், நிதானமாகச் சரிசெய்யலாம். மெத்தென்று அமுங்கினாலோ, விரலில் நாற்றம் ஒட்டினாலோ, மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நேராக ‘கிழங்கு கூழாகி நாறுகிறது’ என்ற பகுதிக்குப் போங்கள். அதில் ஒரு நாள் தாமதம்கூட ஒரு கிழங்கைக் கொண்டுபோய்விடும்.

கையில் இருப்பது எந்த ஐரிஸ்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் கீழே உள்ள எதுவும் பயன்படாது. ஒரு செடிக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு நஞ்சு.

தாடி ஐரிஸ்: இலை அகலமாக, சாம்பல் பூத்த நீலப்பச்சையில், விசிறிபோல் ஒரே தளத்தில் விரிந்து நிற்கும். விரலால் தேய்த்தால் மெழுகுப் பூச்சு போய்ப் பச்சை தெரியும். கிழங்கு தடிமனாக, முடிச்சு முடிச்சாக, மண்மட்டத்திலேயே படுத்திருக்கும். கீழே தொங்கும் மூன்று இதழ்களின் நடுவில் மயிர்க்கற்றை இருக்கும். பெயருக்குக் காரணமான தாடி அதுதான்.

நடக்கும் ஐரிஸ், அதாவது நியோமாரிக்கா: இலை பளபளப்பான பச்சை, நடுநரம்பு புடைத்துத் தெரியும். வெள்ளையும் நீலமும் கலந்தோ, முழு நீலமாகவோ பூக்கும். பூத்து முடிந்த தண்டின் நுனியில் குட்டிச்செடி முளைத்து, கனம் தாங்காமல் தண்டு சாய்ந்து, தொட்ட இடத்தில் வேர்விடும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளின் முன்பக்கத்தில் ‘ஐரிஸ்’ என்ற பெயரில் நிற்பவற்றில் பெரும்பாலானவை இதுவோ அடுத்து வருவதோதான்.

டிரைமெசியா: இதுவும் நடக்கும் கூட்டத்தைச் சேர்ந்ததே. இலை ஒடுக்கம். பூ மஞ்சள், நடுவில் பழுப்புப் புள்ளிகள். வெயிலை நன்றாகத் தாங்கும்.

ஐரிஸ் டொமெஸ்டிகா: ஆரஞ்சு நிறத்தில் சிவப்புப் புள்ளி தெளித்த ஆறிதழ்ப் பூ. காய் வெடித்தால் உள்ளே பளபளக்கும் கறுப்பு விதைகள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். 2005 வரை பெலம்கண்டா என்று வேறு பேரினத்தில் வைத்திருந்தார்கள். பிறகு ஐரிஸுக்குள் சேர்த்துவிட்டார்கள். இதன் காய்ந்த கிழங்கு சீன மருந்துக் கடைகளில் ‘ஷெகான்’ என்று விற்கப்படுகிறது. பெயரளவில் மட்டும் அல்லாமல் உண்மையிலேயே ஐரிஸ் பேரினத்தைச் சேர்ந்த ஒன்று நம் தாழ்நில வெயிலில் பூக்கவேண்டும் என்றால், முதலில் இதைத்தான் பரிந்துரைப்போம்.

பூக்கடையில் கொத்தாக விற்கும் நீல ஐரிஸ் இந்த நான்கில் எதுவும் இல்லை. அது வெங்காயம் போன்ற குமிழிலிருந்து வளரும் டச்சு ஐரிஸ். அதைப் பார்த்து ஆசைப்பட்டுத் தாடி ஐரிஸ் வாங்கியவர்களும் உண்டு.

இலை செழிப்பாக இருக்கிறது, பூ மட்டும் வரவில்லை

வரும் கேள்விகளில் பாதி இதுதான். விடை செடியைப் பொறுத்து மாறும்.

தாடி ஐரிஸ் என்றால்: கோளாறு உங்களிடம் இல்லை. இந்தச் செடி பூமொட்டு கட்டுவதற்குப் பல வாரம் தொடர்ந்து கடுங்குளிர் வேண்டும். குளிர்சாதனப் பெட்டிக்குள் இருப்பது போன்ற குளிர். கோலாலம்பூரில் விடியற்காலையில்கூட வெப்பம் 23, 24 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். கேமரன் மலையில் ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் தானா ராத்தாவிலும் இரவு 15 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. ஆக, கேமரன் மலைக்குக் கொண்டுபோய் வைத்தாலும் பூவுக்கு உத்தரவாதம் இல்லை. 833 மீட்டர் உயரமுள்ள பினாங்குக் கொடிமலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எலும்புத்தூள், பொட்டாஷ், சாம்பல் என்று எதைக் கொட்டினாலும் குளிருக்கு மாற்று இல்லை.

‘மறுபடி பூக்கும்’ ரகம் என்று விளம்பரப்படுத்தப்படும் கிழங்குகளுக்கும் இதே கதைதான். அவை இரண்டாம் தடவை பூப்பது, குளிர்காலம் என்று ஒன்று இருக்கும் ஊர்களில். இங்கே தாடி ஐரிஸை வளர்க்க விரும்பினால் அதன் இலையழகுக்காக வளருங்கள். கிழங்கு ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துக்கொண்டு போவதைப் பார்க்க மனம் இல்லை என்றால், அந்த இடத்தை வேறு செடிக்குக் கொடுத்துவிடுவதே நல்லது.

நியோமாரிக்கா, டிரைமெசியா, டொமெஸ்டிகா என்றால்: கீழே உள்ள வரிசையில் பாருங்கள். வரிசையை மாற்றவேண்டாம், காரணமாக இருக்கும் வாய்ப்பு அதிகமுள்ளது முதலில் இருக்கிறது.

முதலாவது, வெளிச்சம். “நாள் முழுக்க வெயில் அடிக்கிறது” என்று சொல்லும் பலருடைய பாத்தியில் ஆண்டில் பாதிதான் வெயில் அடிக்கிறது. கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு 3 டிகிரி வடக்கே இருக்கிறது. அதனால் மார்ச் கடைசி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. 5 டிகிரியைத் தாண்டிய பினாங்கில் இந்த மாற்றம் ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் நடக்கிறது. இதன் விளைவைக் கணக்காகப் பாருங்கள்: 3 மீட்டர் மதிலின் வடக்குப் பக்கத்தில் டிசம்பர் உச்சிப்பொழுதில் சுமார் 1.5 மீட்டர் அகலத்துக்கு நிழல் விழும். 6 மீட்டர் உயர மாடிவீட்டுச் சுவர் என்றால் 3 மீட்டர். ஜூனில் நிழல் மறுபக்கம் போய்விடும். 3 மீட்டர் மதிலின் தெற்கே 1 மீட்டருக்குச் சற்று மேல்.

வரிசை வீடுகளில் பாத்தி பெரும்பாலும் மதிலை ஒட்டியே இருக்கும். வடக்குப் பார்த்த வாசலில் வீட்டுச் சுவரை ஒட்டி நட்ட டிரைமெசியா மே, ஜூனில் கொத்துக் கொத்தாகப் பூத்துவிட்டு, அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை இலையோடு நிற்பது இதனால்தான். உரம் போட்டு இதை மாற்ற முடியாது. பாத்தியை 3 மீட்டர் மதிலிலிருந்து 1.5 மீட்டர், மாடிவீட்டுச் சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி அமையுங்கள். இடம் இல்லை என்றால் சட்டியில் வைத்து ஆண்டுக்கு இரு முறை பக்கம் மாற்றுங்கள்.

அளந்து பார்க்கச் செலவு இல்லை. மழையில்லாத ஒரு நாளில் 9, 11, 1, 3, 5 மணிக்குப் பாத்தியைப் படம் எடுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு நாள் அதே போல் எடுங்கள். டிரைமெசியாவுக்கும் டொமெஸ்டிகாவுக்கும் குறைந்தது 6 மணி நேர நேர்வெயில் வேண்டும். நீல நியோமாரிக்காவுக்கு 4 முதல் 6 மணி நேரம். வெள்ளையும் நீலமும் கலந்த சிறிய நியோமாரிக்காவுக்குக் காலை வெயில் மூன்று, நான்கு மணி நேரம் போதும், உச்சிவெயில் ஆகாது. இன்னொன்று: 1982 சனவரி 1 முதல் தீபகற்பம் அரை மணி நேரம் முன்னால் தள்ளிய கடிகாரத்தில் ஓடுகிறது. உண்மையான உச்சிப்பொழுது இங்கே 1.15 மணி வாக்கில்தான் வருகிறது. ஆகவே 11 மணி வெயில்கூட ‘காலை வெயில்’ கணக்கில் சேரும். மோசமானது 12 முதல் 4 வரை.

இரண்டாவது, பூத்தண்டை இலை என்று நினைத்து வெட்டிவிடுவது. நியோமாரிக்காவின் பூத்தண்டு தட்டையாக, பச்சையாக, அப்படியே இலைபோல இருக்கும். மொட்டு அதன் நுனிக்குக் கொஞ்சம் கீழே, பக்கவாட்டிலிருந்து வெளிவரும். தோட்டக்காரர் ‘சுத்தம்’ செய்துவிட்டுப் போன வீடுகளில் பூ நின்றுபோவதற்கு இது காரணம். டிரைமெசியாவில் ஒரே தண்டு மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் பூக்கும். தண்டு முழுக்கக் காய்ந்து பழுப்பாகும் வரை கத்தரியைப் பக்கத்தில் கொண்டுபோகவேண்டாம்.

மூன்றாவது, தழைச்சத்து மிகுதி. புல்தரைக்கு யூரியா தூவும்போது பாத்திக்குள்ளும் விழுந்தால், அல்லது கோழி எருவை மாதாமாதம் கொட்டினால், இலை கரும்பச்சையாக நீண்டு தொங்கும், பூ வராது. இரண்டு மாதம் எல்லா உரத்தையும் நிறுத்துங்கள். பிறகு நம் உரக்கடைகளில் நீல உரம் என்று கேட்டாலே கிடைக்கும் 12:12:17:2 (தழை, மணி, சாம்பல், மக்னீசியச் சத்துகளின் அளவு) மட்டும் போடுங்கள்: 30 செ.மீ. சட்டிக்கு ஒரு தேக்கரண்டி, பாத்தியில் சதுர மீட்டருக்கு 30 கிராம், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. கிழங்கின் மேல் படாமல் ஒரு சாண் தள்ளித் தூவி, உடனே தண்ணீர் விடுங்கள்.

நான்காவது, இளமையும் நெருக்கமும். ஐந்தாறு இலை மட்டும் உள்ள குட்டி பூக்காது. நியோமாரிக்கா பன்னிரண்டு இலை வந்தபிறகே பூக்கும் என்று ஒரு வழக்கு உண்டு. எண்ணிக்கொண்டு உட்காரத் தேவையில்லை; விசிறி நன்கு நிரம்பவேண்டும், அவ்வளவுதான். மறுபக்கம், மூன்று, நான்கு ஆண்டு பிரிக்காமல் விட்ட குத்தின் நடுப்பகுதி வெறுமையாகி, ஓரத்தில் மட்டும் பூக்கும். பிரித்து நடும் முறை அடுத்த பகுதியின் கடைசியில் இருக்கிறது.

கிழங்கு கூழாகி நாறுகிறது

விசிறி திடீரென்று ஒரு பக்கம் சாயும். இழுத்தால் அடியோடு கையில் வந்துவிடும். உள்ளே வெண்மஞ்சள் கூழ், தாங்கமுடியாத வாடை. இது பெக்டோபாக்டீரியம் என்ற நுண்ணுயிரி உண்டாக்கும் மென்னழுகல். கிழங்கில் ஏதாவது ஒரு காயம் வழியாக நுழையும்: நத்தை கடித்த இடம், மண்வெட்டி பட்ட இடம், உரமணி சுட்ட இடம். நுழைந்தபின் அதை வளர்ப்பது வெப்பமும் வடியாத தண்ணீரும். இரண்டுக்கும் இங்கே பஞ்சமில்லை. கோலாலம்பூரில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும், பினாங்கில் செப்டம்பர், அக்டோபரிலும் இந்தப் புகார் குவியும்.

தாடி ஐரிஸைத்தான் அதிகம் தாக்கும். நியோமாரிக்கா ஈரத்தைத் தாங்கும். ஆனால் பழைய தேங்காய்நார்த்தூள் இறுகிப்போன சட்டியில் அதுவும் அழுகும்.

செய்யவேண்டியது: குத்தை முழுவதுமாகத் தோண்டி எடுங்கள், பாதியை மண்ணில் விடாதீர்கள். மண்ணை உதறிவிட்டு, கூர்க்கத்தியால் அழுகிய பாகத்தை வெட்டுங்கள். நிறம் மாறாத, வெள்ளையான, கெட்டியான சதை தெரியும் வரை வெட்டி, அதற்கு மேல் 1 செ.மீ. சேர்த்து வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தியை, ஒரு பங்கு குளோரின் வெளுப்பானுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் முக்குங்கள். மிஞ்சிய கிழங்கை அதே கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்து, கழுவி, மழை படாத காற்றோட்டமான இடத்தில் காயவையுங்கள். தாடி ஐரிஸ் கிழங்கு இரண்டு, மூன்று நாள் காய்ந்தாலும் ஒன்றும் ஆகாது, வெட்டுவாயில் தோல் கட்டவேண்டும். நியோமாரிக்காவை ஒரு நாளுக்கு மேல் வெறும் வேரோடு விடாதீர்கள். வெட்டி எடுத்ததைக் குப்பையில் போடுங்கள்; உரக்குழியில் சேர்க்கவேண்டாம்.

இதற்குத் தாமிர மருந்து வாங்கி மேலே தெளிப்பது வீண். தாமிரம் மேற்பரப்பில் நிற்கும் மருந்து, கிழங்கின் உள்ளே நடக்கும் அழுகலை எட்டாது.

குழியை அப்படியே மூடி அதே இடத்தில் நட்டால் மறுபடி அழுகும். வடிகாலைச் சோதியுங்கள்: 30 செ.மீ. ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். ஒரு மணி நேரத்தில் 2.5 செ.மீ. கூட இறங்கவில்லை என்றால் அந்த மண்ணில் கிழங்குச்செடி பிழைக்காது. புதிய தாமான்களில் மேம்பாட்டாளர் கொட்டி இறுக்கிய செம்மண் பெரும்பாலும் இப்படித்தான். அதில் ஒரு மூட்டை மணலைக் கொட்டிக் கிளறினால் சரியாகிவிடும் என்பது தவறான எண்ணம். களிமண்ணில் கொஞ்சம் மணல் சேர்ந்தால் இன்னும் இறுகும். கிளறாமல் மேலேதான் போகவேண்டும்: செங்கல்லோ பலகையோ வைத்து 20 முதல் 25 செ.மீ. உயரத்துக்குப் பாத்தி கட்டி, மேல்மண் ஒரு பங்கு, பருமணல் அல்லது பொடிக்கல் ஒரு பங்கு, எரித்த உமி ஒரு பங்கு என்று நிரப்புங்கள். எரித்த உமி நர்சரிகளில் ‘செகாம் பாக்கார்’ என்று மூட்டையாகக் கிடைக்கும். சுங்கை பூலோ நர்சரி வரிசையில் பருமணலும் சேர்த்தே வாங்கிவிடலாம்.

செம்மண்ணின் புளிப்பையும் கவனியுங்கள். இங்கே பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.5, 5 என்பது சாதாரணம். தாடி ஐரிஸ் 6.5 முதல் 7 வரை கேட்கும். ஜிஎம்எல் என்று உரக்கடையில் விற்கும் மக்னீசியச் சுண்ணாம்புத்தூளைச் சதுர மீட்டருக்கு 150 கிராம் கலந்து, இரண்டு வாரம் விட்டு நடுங்கள். நியோமாரிக்காவுக்கு இந்தச் சுண்ணாம்பு தேவையில்லை, அது சற்றுப் புளித்த மண்ணையே விரும்பும்.

பிரித்து நடுவது: கோலாலம்பூரில் ஜூன், ஜூலை, பினாங்கில் சனவரி, பிப்ரவரி நல்ல காலம். ஒவ்வொரு துண்டிலும் ஒரு விசிறியும் நல்ல வேரும் இருக்கட்டும். இலையை 15 செ.மீ. விட்டு வெட்டுங்கள். தாடி ஐரிஸ் கிழங்கின் முதுகு வெயில் படும்படி மண்ணுக்கு வெளியே தெரியவேண்டும். முழுவதும் மூடினால் அழுகலை அழைத்து வைத்ததாகும். நியோமாரிக்காவையும் டிரைமெசியாவையும் முன்பு இருந்த ஆழத்திலேயே நட்டு, இலையடி மண்ணுக்கு மேலே இருக்கும்படி பாருங்கள். இடைவெளி 30 முதல் 40 செ.மீ.

நாற்றமில்லை, இலையடியில் வெள்ளை நூல், கடுகளவு உருண்டைகள்

இதை மென்னழுகலோடு குழப்பிக்கொள்வார்கள், சிகிச்சை வேறு. இலைகள் வெளிப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாய் மஞ்சளாகி, அடியில் அறுந்து விழும். மண்ணோடு சேரும் இடத்தில் வெள்ளை நூலிழை விசிறியாய்ப் படர்ந்திருக்கும். சில நாளில் அதில் வெள்ளையாக உருண்டைகள் தோன்றிக் கடுகு நிறத்துக்கு மாறும். ஸ்கிளிரோஷியம் என்ற பூஞ்சை இது. அந்த உருண்டைகள்தான் அதன் சேமிப்பு. மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும்.

எனவே செடியை விட மண்ணை எடுப்பது முக்கியம். தாக்கப்பட்ட விசிறியையும் அதைச் சுற்றி 20 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம் மண்ணையும் அள்ளி, உருண்டைகள் சிதறாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி எறியுங்கள். மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்திக்குப் போகாதீர்கள். கிழங்குக் கழுத்தை ஒட்டி மரத்தூளோ காய்ந்த புல்லோ போர்த்தியிருந்தால் அகற்றுங்கள், பூஞ்சைக்கு அதுதான் தீனி. பாத்தி காலியாக இருந்தால் நன்றாக நனைத்து, தெளிவான பிளாஸ்டிக் தாளால் ஓரம் இடைவெளி இல்லாமல் மூடி, வெயிலில் ஆறு வாரம் விடுங்கள். கறுப்புத் தாள் அந்த அளவுக்குச் சூடேற்றாது.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதே விடை.

வெளிப்புறத்துக் கிழட்டு இலை ஒன்றிரண்டு மட்டும் என்றால் வயதுதான். இழுத்தால் வரும், எடுத்துவிடுங்கள். பழைய இலைகள் எல்லாம் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. தொடர்மழை கழுவிக்கொண்டு போயிருக்கும். மேலே சொன்ன நீல உரம் ஒரு தவணை போதும்.

புது இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை என்று பொருள். புது மதிலை ஒட்டிய பாத்திகளில் இதைப் பார்க்கலாம். கொத்தனார் கொட்டிவிட்டுப் போன சிமெண்டுக் கலவை மண்ணுக்கடியில் கிடந்து பிஎச்சை ஏற்றிவிடும், மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. தோண்டிப் பார்த்து சிமெண்டுக் கட்டிகளைப் பொறுக்கி எடுங்கள். இரும்புக் கீலேட்டு (iron chelate) உரத்தை டப்பாவில் சொன்ன அளவில் ஊற்றினால் அடுத்து வரும் இலை பச்சையாக வரும். ஏற்கெனவே வெளிறிய இலை முழுதாகத் தேறுவது அரிது. இதே பாத்தியில் யாராவது சுண்ணாம்பு போடச் சொன்னால் கேட்காதீர்கள்.

எல்லா இலையும் ஒன்றாக மஞ்சளானால் மறுபடி கிழங்கை அழுத்திப் பாருங்கள்.

நுனி காய்கிறது, இலையில் வெளுத்த திட்டு

வெயில் படும் பக்கத்தில் மட்டும் காகிதம் போல் வெளுத்த திட்டு இருந்தால் வெயில் சுட்டது. நிழலான நர்சரி வலைக்கடியில் வளர்ந்த நியோமாரிக்காவை வாங்கிய அன்றே வெட்டவெளியில் வைத்தால் நடப்பது இது. இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குக் கொண்டுபோகவேண்டும்.

எல்லா இலையிலும் நுனி மட்டும் பழுப்பாகி, சட்டி விளிம்பில் வெள்ளைப் படிவம் இருந்தால் உர உப்பு சேர்ந்திருக்கிறது. அடுக்குமாடி பால்கனியில் இது சகஜம், மழை படாததால் உப்பு கழுவப்படுவதில்லை. சட்டியின் கொள்ளளவைப் போல் மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள், ஒரு மாதம் உரம் வேண்டாம். ஓடு பதித்த தரை மாலை வரை கொதிக்கும், சட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடித்தட்டு வைக்கவேண்டாம்: வேருக்கும் கெடுதல், ஏடிஸ் கொசுவுக்கும் வீடு. கொசுப்புழு கண்டால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதாரத் துறை அபராதம் போடலாம்.

பழுப்புப் புள்ளிகள்

நீள்வட்டப் புள்ளி, நடுவில் சாம்பல், சுற்றிலும் மஞ்சள் வளையம்: இலைப்புள்ளிப் பூஞ்சை. புள்ளி விழுந்த இலையை நல்ல பகுதி வரை வெட்டி அகற்றுங்கள், மாலையில் இலை மேல் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள், குத்தைப் பிரித்துக் காற்றோட்டம் கொடுங்கள். இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் மட்டும் மான்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு 2 கிராம், பத்து நாள் இடைவெளியில் இரு முறை, கையுறையும் முகக்கவசமும் அணிந்து. மெழுகுள்ள இலையில் மருந்து ஒட்டாமல் உருண்டோடும். லிட்டருக்கு இரண்டு, மூன்று துளி பாத்திரம் கழுவும் சோப்பு சேருங்கள்.

தேய்த்தால் துருப்பொடி விரலில் ஒட்டினால் அது துருநோய். சிகிச்சை இதேதான்.

ஓட்டை, கடிவாய், வெள்ளைப் பஞ்சு

இலை ஓரம் அரைவட்டமாகக் கத்தரித்தது போல இருந்தால் வெட்டுக்கிளி, கையால் பிடிக்கலாம். மொட்டே காணாமல் போய், வெள்ளிக் கோடாகக் காய்ந்த சளி இருந்தால் ஆப்பிரிக்க நத்தை. மழை நின்ற இரவு ஒன்பது மணிக்குமேல் கைவிளக்கோடு போய்ப் பொறுக்குங்கள். வெறுங்கையால் தொடவேண்டாம், மூளையைத் தாக்கும் எலிப்புழுவை இந்த நத்தை சுமக்கும். நீல நிற நத்தை மருந்தில் உள்ள மெட்டால்டிஹைட் நாயைக் கொல்லும். வீட்டில் நாய் இருந்தால் அதை வாங்காதீர்கள். ஐரிஸ் கிழங்கைக் கடித்தால் நாய்க்கும் பூனைக்கும் வயிற்றுக் கோளாறு வரும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இலைகள் ஒன்றையொன்று கவ்வும் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு இருந்தால் மாவுப்பூச்சி. எறும்பு வரிசையாக ஏறுவதைப் பார்த்தாலே சந்தேகப்படலாம்; பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. எறும்பை விட்டுவிட்டுப் பூச்சியை மட்டும் ஒழிக்க முடியாது. குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இடுக்கைக் கழுவி, லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., சோப்பு 2 மி.லி. கலந்து மாலையில் இடுக்குக்குள் இறங்கும்படி ஊற்றுங்கள். ஏழு நாள் இடைவெளியில் மூன்று தடவை. ஒரு தடவையோடு நிறுத்தினால் முட்டைகள் பொரித்து மறுபடி வரும்.

பூ ஒரே நாளில் சுருண்டுவிடுகிறது

கோளாறு இல்லை. நியோமாரிக்கா, டிரைமெசியா, டொமெஸ்டிகா மூன்றின் பூவும் காலையில் விரிந்து மாலைக்குள் முடிந்துவிடும். டொமெஸ்டிகாவின் வாடிய பூ முறுக்கிய திரியாகச் சுருண்டு நிற்பதைப் பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த மொட்டு சில நாளில் வரும்.

குட்டிச்செடி வேர்விடவில்லை

தண்டிலிருந்து அவசரப்பட்டு வெட்டியதே காரணமாக இருக்கும். குட்டியின் அடியில் 1 செ.மீ. வேர் முனை தெரியும் வரை காத்திருந்து, தண்டை வெட்டாமலேயே வளைத்து, பக்கத்துச் சட்டியில் ஈரமான கலவை மேல் வைத்து, வளைத்த கம்பியால் ஊசிபோட்டது போல் பிடித்து நிறுத்துங்கள். புதைக்கவேண்டாம், உட்கார்ந்தால் போதும். மூன்று, நான்கு வாரத்தில் இலேசாக இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டு புது இலையும் விட்டிருந்தால் தண்டை வெட்டலாம். டிரைமெசியாவில் தாய்த்தண்டு இன்னும் பூத்துக்கொண்டிருந்தால் வெட்டாமல் அப்படியே விடுங்கள், குட்டியும் வளரும், பூவும் வரும்.

இணையத்தில் வாங்கிய விதை முளைக்கவே இல்லை

டொமெஸ்டிகா விதை புதிதாக இருந்தால் ஒரு இரவு ஊறவைத்து 1 செ.மீ. ஆழத்தில் ஊன்றலாம். சீராக முளைக்காது, சில வாரங்களுக்கு ஒன்றொன்றாக எட்டிப் பார்க்கும், சட்டியைக் கொட்டிவிடாதீர்கள்.

‘வானவில் தாடி ஐரிஸ் விதை, 100 எண்ணம்’ என்று ஐந்தாறு ரிங்கிட்டுக்கு வந்த பொட்டலம் என்றால் அதில் நேரம் செலவிடவேண்டாம். பெயர் பெற்ற தாடி ஐரிஸ் ரகங்கள் விதையால் பெருக்கப்படுவதில்லை, கிழங்கைப் பிரித்தே பெருக்குகிறார்கள், விதையிலிருந்து தாயைப் போன்ற பூ வராது. உண்மையான தாடி ஐரிஸ் விதையாகவே இருந்தாலும் முளைக்கக் குளிர் வேண்டும், பூக்க இரண்டு, மூன்று ஆண்டும் அதன்மேல் மறுபடியும் குளிரும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து கிழங்கு தருவிக்க நினைத்தால் 1976ஆம் ஆண்டுச் செடித் தடுப்புக்காப்புச் சட்டப்படி இறக்குமதி உரிமமும், அனுப்பும் நாட்டின் செடிநலச் சான்றிதழும் வேண்டும். இல்லாமல் வரும் பொட்டலம் பறிமுதலாகலாம்.

நர்சரியில் வாங்கும்போது பூ இருக்கும் செடியாகப் பார்த்து எடுங்கள். பூ இல்லை என்றால் பழைய தண்டையும் நுனியில் குட்டியையும் காட்டச் சொல்லுங்கள். இரண்டுமே இல்லாமல் சாம்பல் பச்சை இலையை மட்டும் காட்டி, “அடுத்த மாதம் பூக்கும்” என்றால் அடுத்த கடையைப் பாருங்கள்.